புலப்படம் அளப்பது, வரைவது, படிப்பது: நில அளவைப் பயிற்சியில் முதலில் தெரிய வேண்டியவை

தமிழ்நாட்டில் ஒரு நிலத்தின் எல்லை எது என்ற கேள்வி எழுந்தால், கடைசியில் எல்லோரும் தேடி வருவது புலப்படத்தை. அலுவலகப் பேச்சில் எஃப்எம்பி (ஃபீல்டு மெஷர்மென்ட் புக்). ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு படம். நில அளவர் அதற்காக வயலில் இறங்கி அளக்கிறார். வரைவாளர் அந்த அளவுகளைப் படமாக்குகிறார். நகர் ஊரமைப்பு அலுவலர் அந்தப் படத்தின்மேல் சாலையையும் மனைகளையும் பொருத்துகிறார்.

மூவருக்கும் தனித்தனியாகப் பயிற்சி கொடுப்பதுதான் வழக்கம். ஆனால் பிழைகள் பெரும்பாலும் ஒருவர் வேலை இன்னொருவர் கைக்குப் போகும் இடத்தில்தான் நுழைகின்றன. அளந்தவருக்குப் புரிந்த குறிப்பு வரைபவருக்கு வேறு மாதிரி புரிகிறது. வரைந்தவர் சும்மா போட்ட கோட்டைத் திட்டமிடுபவர் எல்லை என்று நம்பிவிடுகிறார். அதனால் மூவரும் ஒரே புலத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறையாவது சேர்ந்து செய்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரும், பட்டாவோடு கிடைக்கும் படத்தைப் புரிந்துகொள்ள நினைக்கும் நிலத்துக்காரரும் பின்தொடரக்கூடிய அளவில் அதை இங்கே விளக்குகிறோம்.

அரசு வேலைக்கு நில அளவர்களைப் பயிற்றுவிப்பது இந்த மண்ணில் புதிதல்ல. மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் 1794இல் எட்டு மாணவர்களோடு சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னாளில் வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. 1802இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளந்து தொடங்கிய முக்கோண அளவை, பிறகு இந்தியா முழுக்கப் பரவியது. இன்று நில அளவைத் துறைக்கென்று தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் பயிற்சி நிலையம் இருக்கிறது. கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் ஒழுங்கற்ற வடிவமுள்ள ஒரு வயலை முக்கோணங்களாக உடைத்து அளப்பது என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது.

படத்தில் என்னென்ன இருக்கும்

புலப்படத்தில் மூன்று வகைக் கோடுகளைப் பிரித்தறியத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. புலத்தைச் சுற்றி ஓடும் எல்லைக் கோடு எஃப் லைன். ஒரு எல்லைக் கல்லிலிருந்து எதிர்ப்பக்கக் கல்லுக்குப் புலத்தின் குறுக்கே நேராகப் போகும் அளவைக் கோடு ஜி லைன். அது எல்லையே இல்லை, அளப்பதற்காகப் போட்ட கோடு. புலத்துக்குள் பங்குகளைப் பிரிப்பது உட்பிரிவுக் கோடு. 45 என்ற சர்வே எண்ணுக்குள் 45/1, 45/2ஏ, 45/2பி என்று வருபவை இந்த உட்பிரிவுகள்.

ஜி லைனில் நடந்துகொண்டே போகும்போது, பக்கவாட்டில் இருக்கும் ஒவ்வொரு எல்லைக் கல்லுக்கும் செங்குத்தாக எடுக்கும் அளவு ஆஃப்செட். எத்தனையாவது மீட்டரில், இடப்பக்கமா வலப்பக்கமா, எவ்வளவு தூரம் என்ற இந்த மூன்று தகவல்களையும் கீழிருந்து மேலாக வரிசையாக எழுதும் குறிப்புக்கு லேடர் என்று பெயர். ஏணிப்படி போல அடுக்கடுக்காக இருக்கும். கீழ்ப்படி நாம் கிளம்பிய கல், மேல்படி போய்ச் சேர்ந்த கல்.

படத்தில் எண்கள் எந்த அலகில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதை முதல் வேலையாகப் பார்க்க வேண்டும். பழைய படங்கள் லிங்க் கணக்கில் இருக்கும். 66 அடி நீளமுள்ள கண்டர் சங்கிலியில் 100 லிங்க். அதாவது ஒரு லிங்க் 20.12 செ.மீ. பிறகு வந்த 20 மீட்டர் சங்கிலியிலும் 100 லிங்க்தான், ஆனால் ஒரு லிங்க் சரியாக 20 செ.மீ. பழைய படத்தில் 497 என்று இருந்தால் அது ஏறத்தாழ 100 மீட்டர். அதையே 20 செ.மீ. என்று நினைத்துப் பெருக்கினால் 99.4 மீட்டர் வரும். கிட்டத்தட்ட 60 செ.மீ. காணாமல் போய்விடும். நகரத்தில் ஒரு சுவர்த் தகராறுக்கு அது தாராளமாகப் போதும்.

பரப்புக்கும் இதே கவனம் வேண்டும். 100 சதுர மீட்டர் ஒரு ஏர், 100 ஏர் ஒரு ஹெக்டேர். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். பதிவேட்டில் 0.27.0 என்றால் 27 ஏர், அதாவது 66.7 சென்ட். புள்ளியைத் தவறாகப் படித்து 0.27 ஏர் என்று சொல்லிவிடும் புதியவர்கள் உண்டு.

ஒரு புலத்தை அளந்து பார்ப்போம்

நான்கு கற்கள் உள்ள ஒரு புலம். 1ஆம் கல்லிலிருந்து 3ஆம் கல்லுக்கு ஜி லைன் போடுகிறோம். மொத்த நீளம் 100.0 மீ. போகும் வழியில் 40.0 மீட்டரில் இடப்பக்கம் 30.0 மீ. தள்ளி 2ஆம் கல். 65.0 மீட்டரில் வலப்பக்கம் 24.0 மீ. தள்ளி 4ஆம் கல். லேடரில் எழுத வேண்டியது இவ்வளவுதான்.

பரப்பு எளிது. இடப்பக்க முக்கோணம் 100 × 30 ÷ 2 = 1500. வலப்பக்கம் 100 × 24 ÷ 2 = 1200. மொத்தம் 2700 சதுர மீட்டர், அதாவது 27 ஏர். புதியவர்கள் பலர் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று நோட்டை மூடிவிடுவார்கள். பயிற்சியின் சாரமே இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, ஏனென்றால் இதுவரை எடுத்த அளவுகளில் எது தப்பு என்று கண்டுபிடிக்க நம்மிடம் ஒன்றும் இல்லை.

அடுத்து எல்லைக் கோடுகளை நேரடியாக நாடா போட்டு அளக்க வேண்டும். கணக்குப்படி 1–2 தூரம் 50.0, 2–3 தூரம் 67.1, 3–4 தூரம் 42.4, 4–1 தூரம் 69.3. தரையிலும் இவை ஒத்து வந்தால் நல்லது. சரி, 40.0 என்பதை 46.0 என்று எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு மாறாது, அதே 1500தான் வரும். பரப்பை மட்டும் சரிபார்ப்பவர் இந்தப் பிழையைப் பிடிக்கவே முடியாது. ஆனால் 1–2 எல்லையின் நீளம் கணக்கில் 54.9 என்று வரும், தரையிலோ 50.0தான் இருக்கும். அங்கே பிடிபட்டுவிடும்.

இன்னொரு பிழை இதைவிடப் பொல்லாதது. 2ஆம் கல்லை இடப்பக்கம் என்பதற்குப் பதிலாக வலப்பக்கம் என்று எழுதிவிட்டோம். ஜி லைனின் எந்தப் பக்கமாக இருந்தாலும் 1–2 தூரம் 50.0தான், 2–3 தூரம் 67.1தான். இரண்டு முக்கோணங்களைத் தனித்தனியாகப் போட்டுக் கூட்டினால் பரப்பும் 2700தான். எல்லாச் சரிபார்ப்பிலும் தப்பித்துவிடும். இந்த அளவுள்ள புலத்தில் படம் வரைந்தால் வடிவம் கோணலாகத் தெரிந்துவிடும். ஆனால் ஆஃப்செட் ஒன்றிரண்டு மீட்டராக இருக்கும் நீண்ட வாய்க்கால் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் ஜி லைனைத் தாண்டி இரண்டு கற்களுக்கு இடையே ஒரு சரிபார்ப்பு அளவு எடுக்க வேண்டும். 2–4 தூரம் சரியான கணக்கில் 59.5 மீ., பக்கம் மாறினால் 25.7 மீ. ஒரே ஒரு கூடுதல் அளவு. ஐந்து நிமிட வேலை. இதைத் தவிர்த்ததால் பல ஆண்டுகள் இழுத்த எல்லைத் தகராறுகள் இருக்கின்றன. புதியவருக்கு ஒரே ஒரு பழக்கத்தைத்தான் ஏற்படுத்த முடியும் என்றால், இதையே தேர்ந்தெடுப்போம்.

வயலில் அளவு எப்படிக் கெடுகிறது

ஆஃப்செட் செங்குத்தாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? 30 மீட்டர் ஆஃப்செட்டில் 3 டிகிரி சாய்ந்தால், செங்குத்துத் தூரம் 4 செ.மீ.தான் மாறும். ஆனால் ஜி லைனில் அதன் அடிப்புள்ளி 1.57 மீ. தள்ளிப் போய்விடும். அதனால் நீண்ட ஆஃப்செட்டைக் கண்மதிப்பில் எடுக்கவே கூடாது. ஆப்டிகல் ஸ்கொயரோ கிராஸ் ஸ்டாஃபோ வைத்துச் செங்கோணம் பிடிக்க வேண்டும். எதுவும் கையில் இல்லையென்றால் நாடாவிலேயே 3, 4, 5 மீட்டர் முக்கோணம் போட்டுக்கொள்ளலாம். அதைவிட நல்லது இன்னொரு ஜி லைன் போட்டு ஆஃப்செட்டைச் சிறிதாக்குவது.

சங்கிலி இழுபட்டு நீளும். 20 மீட்டர் சங்கிலி 5 செ.மீ. நீண்டிருந்தால், உண்மையில் 100.25 மீ. உள்ள தூரத்தை அது 100 என்று காட்டும். நீண்ட சங்கிலி அளவைக் குறைத்துக் காட்டும் என்பது முதலில் பலருக்குக் குழப்பமாக இருக்கும். நமது 27 ஏர் புலத்தில் இதனால் 13.5 சதுர மீட்டர் குறைந்து பதிவாகும். வேலை தொடங்குமுன் சங்கிலியையும் நாடாவையும் நல்ல ஸ்டீல் நாடாவோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும்.

சரிவு இன்னொன்று. பதிவேட்டில் உள்ளது கிடைமட்டப் பரப்பு. 10 டிகிரிச் சரிவில் நாடாவைத் தரையோடு படுக்கவைத்து 20 மீ. அளந்தால், கிடைமட்டத்தில் அது 19.70தான். மலையடிவார ஊர்களில் நாடாவைக் கிடையாகத் தூக்கிப் பிடித்து, தூக்குக்குண்டால் புள்ளியை இறக்கி, சிறுசிறு துண்டாக அளக்க வேண்டும்.

ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் ஊன்றும் இரும்பு முளைக்கு ஆரோ என்று பெயர். பத்து ஆரோ கொண்டுபோவது வழக்கம். பின்னால் வருபவர் ஒன்றை எடுக்க மறந்தால் முழுசாக 20 மீட்டர் குறைந்துவிடும். அந்தப் பிழை பெரிதாக இருப்பதால் எளிதில் தெரிந்துவிடும் என்று அலட்சியப்படுத்தக் கூடாது. நீளமான ஏரிக்கரை எல்லையில் அது மறைந்துகொள்ளும்.

இவற்றுக்கெல்லாம் முந்தியது கல். எல்லைக் கல் இல்லாத இடத்தில் வரப்பை எல்லையாக எடுத்துக்கொள்ளும் ஆசை வரும். உழவு ஓட்டும்போதெல்லாம் வரப்பு கொஞ்சம் கொஞ்சமாக நகரும். அதை ஒரு தகவலாகக் குறித்துக்கொள்ளலாம், ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. காணாமல் போன கல்லின் இடத்தைக் கண்டுபிடிக்க, இருக்கும் இரண்டு கற்களிலிருந்து எல்லைத் தூரங்களை வில்லாகச் சுற்றி வெட்டுமிடம் பிடிக்க வேண்டும். பிறகு ஜி லைனும் ஆஃப்செட்டும் போட்டு அதே இடம் வருகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் கல் நடலாம். பக்கத்துச் சர்வே எண்ணின் படத்தையும் கையில் வைத்திருங்கள். பொது எல்லை இரண்டு படங்களிலும் இருக்கும். இரண்டிலும் நீளம் வேறாக இருந்தால் அதைத் தீர்க்காமல் மேலே போகக் கூடாது. மூன்று கிராமங்கள் சந்திக்கும் முச்சந்திக் கல் கிடைத்தால் அதைப் பொன்போலப் பாதுகாக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் நம்பிப் பிடிக்கக்கூடிய கற்களில் முதன்மையானது அதுதான்.

அளக்கப் போகுமுன் அக்கம்பக்க நிலத்தாருக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் அளவையின் ஒரு பகுதிதான். இந்த வேலை 1923ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின்கீழ் நடக்கிறது. எல்லையைத் தீர்மானித்ததை உரியவர்களுக்குத் தெரிவிப்பது, மேல்முறையீடு, உரிமையியல் நீதிமன்றத்தை நாடுவது என்று அது வரிசையாக வழி வைத்திருக்கிறது. அறிவிப்பு இல்லாமல் எடுத்த அளவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், பக்கத்து நிலத்துக்காரர் ஆட்சேபிக்கும்போது நிற்காது.

வரைவாளரின் பங்கு

புலப்படங்கள் 1:1000, 1:2000 போன்ற அளவுத்திட்டங்களில் இருக்கும். 1:2000இல் காகிதத்தில் ஒரு மி.மீ. தரையில் 2 மீட்டர். 0.2 மி.மீ. பென்சில் கோட்டின் தடிமனே தரையில் 40 செ.மீ. ஆகவே படத்தின்மேல் ஸ்கேல் வைத்து அளந்து எல்லை சொல்வது கூடாது. எழுதியிருக்கும் எண்தான் அளவு, கோடு அந்த எண்ணுக்கான வழிகாட்டி மட்டுமே. நகல் எடுக்கும் இயந்திரம் படத்தை ஒரு சதவீதம் சுருக்கினாலும் 100 மீட்டரில் ஒரு மீட்டர் போய்விடும். எண் மட்டும் சுருங்காது.

நன்றாக வேலை செய்யும் ஒரு பயிற்சி இருக்கிறது. முதல் குழு அளந்து லேடர் மட்டும் எழுதித் தரும், வாயால் எதுவும் விளக்காது. இரண்டாவது குழு வயலைப் பார்க்காமலே அந்த லேடரை வைத்துப் படம் போடும். மூன்றாவது குழு அந்தப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்க் கற்களைத் தேடும். கல் கிடைக்கவில்லையென்றால் எங்கே தவறியது என்று மூன்று குழுவும் உட்கார்ந்து பின்னோக்கிப் பார்க்கும். 7 என்ற எண் 1 போலத் தெரிந்தது, இடமா வலமா என்று எழுதவில்லை, ஜி லைன் எந்தக் கல்லிலிருந்து தொடங்கியது என்று குறிக்கவில்லை என்று காரணங்கள் வெளிவரும். பாடமாகச் சொல்லும்போது தலையாட்டிவிட்டு மறப்பவர்கள், தாங்கள் எழுதிய லேடரால் இன்னொருவர் வெயிலில் அலைந்ததைப் பார்த்தபின் மறப்பதில்லை.

உட்பிரிவிலும் வரைவாளர் கைக்கு ஒரு பொறுப்பு உண்டு. நமது புலத்தை 2–4 கோட்டால் இரண்டாகப் பிரித்தால், 1ஆம் கல் இருக்கும் பக்கம் 1455 சதுர மீட்டர், 3ஆம் கல் இருக்கும் பக்கம் 1245. ஏரில் 14.55, 12.45. அரை ஏருக்கு முழுமைப்படுத்தினால் 14.5, 12.5. கூட்டினால் 27.0, தாய்ப் புலத்தோடு ஒத்துப்போகிறது. இந்தக் கூட்டல் ஒத்து வராத உட்பிரிவை அனுப்பக் கூடாது. ஒவ்வொரு பங்கையும் மேலே முழுமைப்படுத்தினால், பத்திரங்களில் இருக்கும் மொத்த நிலம் தரையில் இருப்பதைவிட அதிகமாகிவிடும்.

கணினி வந்தபிறகு

இப்போது புலப்படங்களைக் கொலாப்லேண்ட் மென்பொருளில் ஏற்றுகிறார்கள். உள்ளே போவது அதே லேடர்தான். தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, தூரம், பக்கம், ஆஃப்செட். மென்பொருள் கொடுத்ததை அப்படியே வரையும். வலம் இடம் மாற்றிக் கொடுத்தால் அழகான, தப்பான படம் வரும். திரையில் கோடு நேர்த்தியாகத் தெரிவதால் நம்பிவிடும் ஆபத்து கையால் வரைந்த படத்தைவிட அதிகம்.

செயற்கைக்கோள் ரோவர் (செயற்கைக்கோள் சமிக்ஞையை வைத்துப் புள்ளியின் இடத்தைச் சொல்லும், எடுத்துச் செல்லக்கூடிய கருவி) வைத்து அளப்பவர்களுக்கு மூன்று விஷயங்கள். முதலாவது, திரையில் ஃபிக்ஸ் (இடம் உறுதியாகிவிட்டது) என்று வந்தபிறகே புள்ளியைப் பதிய வேண்டும். ஃப்ளோட் (இன்னும் உறுதியாகவில்லை) என்று இருக்கும்போது எடுத்தால் பிழை சில டெசிமீட்டரிலிருந்து மீட்டர்வரை போகலாம், தென்னந்தோப்புக்குள்ளும் உயர்ந்த சுவருக்கு அருகிலும் இது அடிக்கடி நடக்கும். முக்கியமான கல்லைக் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டாவது, யூடிஎம் மண்டலம், அதாவது ஆயத்தொலைவுகளைக் கணக்கிட உலகத்தை 6 டிகிரித் தீர்க்கரேகை அகலத்தில் பிரித்த பட்டைகளில் எது என்பது. இரண்டு மண்டலங்களைப் பிரிக்கும் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை தமிழ்நாட்டை ஊடறுத்துப் போகிறது. கோயம்புத்தூர், ஈரோடு, திருநெல்வேலி, நாகர்கோவில் 43ஆம் மண்டலம். சேலம், மதுரை, தூத்துக்குடி, சென்னை 44ஆம் மண்டலம். திண்டுக்கல் பக்கம் ஒரே மாவட்டத்துக்குள்ளேயே மண்டலம் மாறும். மண்டலத்தைக் குறிப்பிடாமல் ஆயத்தொலைவுகளை மட்டும் அனுப்பினால் நிலம் பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்காரும். மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது. யூடிஎம் கட்டத்தில் வரும் தூரம் தரைத் தூரத்துக்குச் சமமல்ல. சென்னை அருகே ஒரு கிலோமீட்டருக்கு 30 செ.மீ.க்குச் சற்று மேல் குறைவாக வரும். ஒரு வீட்டுமனைக்கு இது பொருட்டல்ல. நீண்ட சாலைக்கு நிலம் எடுக்கும்போது பொருட்டு.

திட்டமிடுபவர் கேட்க வேண்டியவை

நகர் ஊரமைப்பில் இருப்பவர் சங்கிலி பிடிக்கப் போவதில்லை. ஆனாலும் ஒருநாள் முழுக்கப் பிடித்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் படத்தில் இருக்கும் 24.0 என்ற எண் எப்படி வந்தது, அதில் எவ்வளவு ஆட்டம் இருக்கலாம் என்பது புரியும்.

இது வெறும் ஆர்வத்துக்காகச் சொல்வதல்ல. தமிழ்நாட்டு விதிகளின்படி மனைப்பிரிவின் பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைப் பகுதி போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக ஒப்படைத்தே ஆக வேண்டும். பதிவேட்டில் 10,050 என்று இருக்கும் நிலம், கல்லிலிருந்து கல்லுக்கு அளந்தால் 9,980 என்று வரக்கூடும். அரை சதவீதப் பிழைக்கு மேல் கொஞ்சம் இருந்தாலே போதும். எந்தப் பரப்பை எடுத்துக்கொள்வது என்பது அந்த ஊர் மக்களுக்கு ஒரு பூங்கா கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கும். விண்ணப்பதாரர் கொடுக்கும் தள வரைபடத்தின் எல்லை நீளங்களைப் புலப்படத்தின் எஃப் லைன் எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடாமல் பரப்பை மட்டும் பார்த்துக் கையெழுத்திடக் கூடாது. 40.0ஐ 46.0 என்று எழுதியபோது பார்த்தோமே, வடிவம் மாறியும் பரப்பு மாறாமல் இருக்கும்.

செயற்கைக்கோள் படத்தின்மேல் புலப்படத்தைப் போட்டுப் பார்ப்பது இப்போது எல்லா அலுவலகத்திலும் நடக்கிறது. வரப்போடு பொருந்துகிறதா என்று இழுத்துத் திருப்பி ஒட்டிவிடுகிறார்கள். அப்படி ஒட்டிய படத்தில் ஓடையும் புறம்போக்கும் எந்தப் பக்கம் விழுகிறது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. புலத்தைச் சுற்றிப் பரவலாக இருக்கும் குறைந்தது நான்கு கற்களைத் தரையில் கண்டுபிடித்து, ரோவரில் ஆயத்தொலைவு எடுத்து, அவற்றோடு படத்தைப் பொருத்த வேண்டும். இரண்டு கல் இருந்தாலே பொருத்திவிடலாம், ஆனால் அவற்றில் ஒன்று தப்பாக நட்ட கல்லாக இருந்தால் அது தெரியவே தெரியாது. மூன்றாவது கல் தவறு இருப்பதைக் காட்டும். எந்தக் கல்லில் தவறு என்று சொல்ல நான்காவது வேண்டும். பொருத்தியபின் ஒவ்வொரு கல்லிலும் எத்தனை செ.மீ. வித்தியாசம் மிஞ்சியது என்பதைக் கோப்பிலேயே எழுதி, எந்தத் தேதியில், எந்த மண்டலத்தில், எந்தக் கற்களை வைத்துப் பொருத்தினோம் என்பதையும் சேர்த்தே அடுத்தவருக்கு அனுப்புங்கள்.